சிங்கத்தின் வாயில் விழுந்த மடல்கள்

ஏட்டில் எழுதுவோர் சிலர். அதனைப் படிப்போர் பலர். எழுதியவர் பேச, படித்தவர் வாய்மூடிக் கேட்டிருப்பதே நெடுங்கால வழக்கமாக இருந்தது. படித்தவரும் மறுமொழி கூறத் தொடங்கியது இதழியல் வரலாற்றில் ஒரு பெருந்திருப்பம் எனலாம். இங்கிலாந்தில் அத்திருப்பத்திற்குத் தொட்டிலாக அமைந்தவை இலண்டன் மாநகரின் காப்பிக்கடைகள்.

1652 ஆம் ஆண்டில் அந்நகரின் முதல் காப்பிக்கடை திறக்கப்பட்டது. ஒரு பென்னி கொடுத்தவர் அங்கு அமரலாம், செய்தித்தாளைப் படிக்கலாம், படித்ததைப் பற்றித் தம் கருத்தை உரக்கச் சொல்லலாம். வணிகரும் கற்றோரும் ஒரே மேசையில் அமர்ந்து வாதிட்டனர். அப்பேச்சு அரசுக்கு அச்சமூட்டியது. 1675 டிசம்பர் இறுதியில், காப்பிக்கடைகளை மூடுமாறு மன்னர் இரண்டாம் சார்லசு ஆணையிட்டார். எதிர்ப்பு வலுக்கவே, ஆணை நடைமுறைக்கு வருமுன்னரே, 1676 சனவரியில், அதனைத் திரும்பப் பெற்றார்.

வாயால் சொன்னதை எழுத்தில் சொல்ல வழிவகுத்தவருள் ஜான் டண்டன் என்னும் பதிப்பாளர் குறிப்பிடத்தக்கவர். அவர் 1691 இல் தொடங்கிய 'அதீனியன் மெர்க்குரி' வாசகர் வினாக்களுக்கு விடை கூறுவதையே நோக்கமாகக் கொண்டது. எழுதுவோர் தம் பெயரைக் குறிக்க வேண்டுவதில்லை. ஆதலின், சமயம், அறிவியல் பற்றிய ஐயங்களோடு, காதலிலும் திருமணத்திலும் தமக்கு நேர்ந்த இடர்களையும் பலர் துணிந்து எழுதினர், பெண்களும் எழுதினர்.

1711 இல் ஜோசப் அடிசனும் ரிச்சர்டு ஸ்டீலும் 'ஸ்பெக்டேட்டர்' நாளேட்டைத் தொடங்கினர். வாசகர் மடல்கள் அதன் உயிர்நாடியாயின. 1713 இல், 'கார்டியன்' இதழுக்காக, 'பட்டன்' காப்பிக்கடையில் ஒரு சிங்கத்தலையை அடிசன் நிறுவச் செய்தார். அதன் திறந்த வாயில் எவரும் தம் மடலை இடலாம். எனினும், விழுந்தவை யாவும் விழுந்தவாறே அச்சேறவில்லை. ஆசிரியர்கள் மடல்களைத் திருத்தினர். சிலவற்றைத் தாமே புனைந்தும் எழுதினர். 'ஸ்பெக்டேட்டர்' முதலிய இதழ்களுக்கு வந்து அச்சேறாது கிடந்த மடல்கள் 1725 இல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தன. எளியவரின் உண்மைக் குரலை அறிய விழைவோர்க்கு, அச்சேறிய மடல்களினும் அவ்வாறு ஒதுக்கப்பட்டவையே சிறந்த சான்றுகளாகின்றன.

புனைபெயர் ஆசிரியர்க்கு மட்டும் உதவவில்லை. 1722 இல், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், தமையனின் அச்சகத்தில் பெஞ்சமின் பிராங்கிளின் தொழில் பயின்று வந்தார். பதினாறு வயதுச் சிறுவனின் எழுத்தைத் தமையன் ஏற்கமாட்டார் என எண்ணி, ஒரு கைம்பெண்ணின் பெயரில் மடல் தீட்டி, இரவில் அச்சகக் கதவின் கீழே நுழைத்து வைத்தார். தமையனும் நண்பர்களும் அதனைப் பாராட்டினர். அவ்வாறு பதினான்கு மடல்கள் அச்சேறின. எழுதியவர் யார் என்று தெரிந்திருப்பின், முதல் மடலே குப்பைக்குப் போயிருக்கக் கூடும்.

ஆகவே, முகமூடி இருபுறமும் கூரிய வாள். எளியவர்க்கு அது துணிவைத் தருகிறது. வலியவர்க்கு ஏமாற்றவும் இடந்தருகிறது.

தமிழுலகமும் இவ்வழியில் நடந்ததே. 1841 இல் யாழ்ப்பாணத்தில் தோன்றிய 'உதயதாரகை' சமய வாதங்கள் நிறைந்த வாசகர் மடல்களை வெளியிட்டது. சிங்கையில் 1887 இல் 'சிங்கை நேசன்' பிறந்தது. மலாயாவில் 1924 இல் தோன்றிய 'தமிழ் நேசன்', 2019 இல் நிற்கும் வரை, தலைமுறை பலவற்றைக் கண்டது. 1950 இல் அவ்வேட்டில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய 'கதை வகுப்பு', படித்துக்கொண்டிருந்தோரை எழுதத் தூண்டியது. வாசகராய் நுழைந்து எழுத்தாளராய் வெளிவந்தோர் உளர்.

இவ்வரலாறு ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் ஒன்றை உணர்த்துகிறது. வெறுங்கருத்து எளிதில் மறக்கப்படும். பட்டறிவோடு கூடிய கருத்து நிலைக்கும். டண்டனுக்கு எழுதியோர் தம் வாழ்வில் பட்டதை எழுதியதாலேயே, அவர்தம் பெயர் மறைந்தும் குரல் மறையவில்லை. ஒரு கட்டுரையைப் படித்து முடித்த மாணவனிடம் அதன் பொருளை மட்டும் வினவுதல் போதாது. "இதற்கு உன் மறுமொழி யாது? உன் வாழ்வில் கண்டது யாது?" என்றும் வினவ வேண்டும். அம்மறுமொழியைத் திருத்தும் சிவப்பு மை, பிழையை மட்டும் களையட்டும், குரலைக் களையாதிருக்கட்டும்.