மருந்து போய்ச் சேர்ந்ததா? பக்கவாதச் சிகிச்சையில் கேட்கத் தவறிய கேள்வி

மூளையின் பெரிய ரத்தக்குழாய் ஒன்றை ரத்தக்கட்டி அடைத்துவிட்டால், சிகிச்சை கிடைக்காத ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன. அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜெஃப்ரி சேவர் 2006இல் வெளியிட்ட இந்தக் கணக்கு பரவலாக மேற்கோள் காட்டப்படுகிறது. அதே ஆண்டில் ஓ'காலின்ஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, பக்கவாதத்துக்காகச் சோதனை நிலையில் முயன்று பார்க்கப்பட்ட 1,026 சிகிச்சைகளைப் பட்டியலிட்டது. எலிகளின் மூளையைக் காத்த மருந்துகள் மனிதரிடம் வரிசையாகத் தோற்றன.

விலங்கு வேறு, மனிதர் வேறு என்பதும், சிகிச்சை தாமதமாகிறது என்பதும் இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் அவற்றுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: செலுத்திய மருந்து, சாகும் தறுவாயில் இருந்த நரம்பணுவை எட்டியதா?

அடைப்பின் மையத்தில் உள்ள திசு சில நிமிடங்களிலேயே அழிகிறது. அதைச் சுற்றி, குறைந்த ரத்தத்தில் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும் வளையத்தை மருத்துவர்கள் 'பெனம்ப்ரா' என்பார்கள். ஆக்சிஜன் குறைந்ததும் அங்கே நரம்பணுக்களைத் தூண்டும் குளுட்டமேட் என்னும் வேதிப்பொருள் மிதமிஞ்சிச் சுரக்கிறது. கால்சியம் அணுக்களுக்குள் வெள்ளமாய்ப் புகுந்து அவற்றைக் கொல்கிறது. இந்தச் சங்கிலியை அறுப்பதே காப்பு மருந்தின் வேலை. அந்த மருந்தும் ரத்தத்தோடுதான் வந்தாக வேண்டும். வாய்க்கால் அடைபட்டிருக்கும்போது அணையைத் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாது. போதாக்குறைக்கு, ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பு பெரும்பாலான மருந்துகளை உள்ளே விடுவதில்லை.

லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் நடந்த 'ஃபாஸ்ட்-மேக்' ஆய்வு நல்ல சான்று. 1,700 நோயாளிகளில் பாதிப் பேருக்குக் காப்பு மருந்தாக மக்னீசியம் சல்ஃபேட்டும் மற்றவர்களுக்குப் போலி மருந்தும் ஆம்புலன்ஸிலேயே தொடங்கப்பட்டன. முக்கால்வாசிப் பேருக்கு முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஊசி ஏறிவிட்டது. ஆனாலும் 2015இல் வந்த முடிவு, பலன் இல்லை என்பதே. மக்னீசியம் ரத்தத்திலிருந்து மூளைக்குள் மெதுவாகவே கசியும். ஊசி விரைந்தது, மருந்து விரைந்ததா என்பதற்கு விடை இல்லை.

அதே 2015இல் இன்னொரு வழி திறந்தது. தொடைத் தமனி வழியாகக் கத்தீட்டர் என்னும் மெல்லிய குழாயைச் செலுத்திக் கட்டியை அகற்றும் முறையின் பலனை ஐந்து பெரிய ஆய்வுகள் உறுதிசெய்தன. கட்டியை எடுத்த கையோடு அதே குழாய் வழியே காப்பு மருந்தையும் செலுத்தலாம். அமெரிக்காவின் கென்டகி பல்கலைக்கழகக் குழு, கால்சியம் புகும் வாயிலை அடைக்கும் வெரபமிலை 11 பேருக்கு இப்படிக் கொடுத்துப் பார்த்தது. பாதுகாப்பை மட்டுமே சோதித்த சிறு முயற்சி அது. ஆனால் திசை சரியானது.

இலக்குக்கு அனுப்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல முடியாது. எச்ஐவி கிருமியின் புரதத் துண்டு ஒன்றை வாகனமாகக் கொண்டு மூளைக்குள் நுழைய வடிவமைக்கப்பட்டது நெரினெடைட். 1,105 பேரிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், நன்கு தேறியவர்கள் மருந்து பெற்றோரில் 61.4 விழுக்காடு, பெறாதோரில் 59.2 விழுக்காடு. கட்டியைக் கரைக்கும் ஆல்டிபிளேஸும் பெற்றவர்களின் ரத்தத்தில் நெரினெடைட்டின் அளவு சரிந்திருந்தது. ஆல்டிபிளேஸ் தூண்டும் பிளாஸ்மின் என்னும் நொதி அதைத் துண்டித்துவிடுகிறது. ஆனால் ஆல்டிபிளேஸ் பெறாதவர்களிடம் பின்னர் நடந்த தனி ஆய்விலும் எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை.

இந்தத் தோல்வி வாதத்தைத் தகர்க்கவில்லை, கூர்மையாக்குகிறது. ஆல்டிபிளேஸுடனான மோதலை விளக்க உதவியது, ரத்தத்தில் மருந்தை அளந்ததே. பெனம்ப்ராவிலும் அளக்க முடிந்தால்தான், மருந்து எட்டாமல் தோற்றதா, எட்டியும் தோற்றதா என்று பிரித்தறிய முடியும். மருந்தைச் சுமந்துசெல்லும் நானோ துகள்களுக்கும் இது பொருந்தும். ரத்தத்தில் செலுத்தும் துகள்களில் பெரும்பகுதி கல்லீரலிலும் மண்ணீரலிலும் தங்கிவிடுகிறது.

ஆகவே, ஆயிரக்கணக்கான நோயாளிகளைச் சேர்க்கும் முன், சில பேரிடமாவது கதிரியக்கக் குறியிட்ட மருந்தைப் பெட் (PET) ஸ்கேனில் பின்தொடர்ந்து, அது பெனம்ப்ராவை எட்டியதைக் காட்ட வேண்டும். நிதி தரும் அமைப்புகளும் நெறிமுறைக் குழுக்களும் அந்தச் சான்று இல்லாத பெரிய ஆய்வுகளுக்கு அனுமதி தரக் கூடாது.