பிறபொருளெதிரியும் உழைப்பாளர் உடலும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

விஞ்ஞானக் கருவிகளின் வரலாற்றைத் தனிமனித மேதைமையின் வரலாறாக நோக்கும் மரபு இன்னும் செல்வாக்குடன் விளங்குகின்றது. கருவியொன்று எத்தகைய சமூக உறவுகளினூடே தோன்றியது, எவர் உடைமையாயிற்று, எவர் உடலில் எதனைக் கண்டறிகின்றது என்னும் வினாக்கள் அம்மரபில் எழுவதில்லை. கல்ரெற்றினின் என்னும் கல்சியம் பிணைக்கும் புரதத்தை மனித இழையங்களில் இனங்காணப் பயன்படும் முயல் மொனோகுளோனல் பிறபொருளெதிரியை முன்வைத்து, அவ்வினாக்களை நாம் இங்கு ஆராய்வோம்.

ஒரே கலத்தின் வழித்தோன்றல்கள் சுரக்கும் ஒரே தன்மையதான பிறபொருளெதிரியே மொனோகுளோனல் எனப்படுவது. 1975இல் கேம்பிரிட்ஜில், அரச நிதியில் இயங்கிய ஆய்வுகூடமொன்றில், கோலரும் மில்ஸ்டைனும் பிறபொருளெதிரி சுரக்கும் சுண்டெலிக் கலத்தைப் புற்றுக்கலத்துடன் இணைத்து இதனைச் சாதித்தனர். அம்முறைக்குக் காப்புரிமை பெறப்படவில்லை. முயலின் பிறபொருளெதிரி பல வேளைகளிற் கூடிய பிணைப்பு வலிமை உடையதெனினும், இணைப்பதற்கேற்ற முயற் புற்றுக்கலம் கிடைக்க இருபதாண்டுகள் சென்றன. 1995இல் சிக்காகோவின் லொயோலாப் பல்கலைக்கழகத்திற் கதரின் நைற் குழுவினர் அதனை நிறைவேற்றினர். 2001இல் கலிபோர்னியாவிலே தோன்றிய எபிற்றோமிக்ஸ் கம்பனி, முயல் மொனோகுளோனலைச் சந்தைப் பண்டமாக்கிற்று. 2012இல் அக்கம்பனியை வாங்கிய அப்காம், கேம்பிரிட்ஜிலேயே நிலைகொண்டிருந்த வணிக நிறுவனமாகும். பொது உடைமையாய்ப் புறப்பட்ட அறிவு, அதே நகருக்குத் தனியுடைமையாய்த் திரும்பிய முரண்பாடு நோக்கத்தக்கது.

இனி, அக்கருவி கண்டறியும் புரதத்தை நோக்குவோம். 1987இல் கோழியின் விழித்திரையிலிருந்து ஜோன் றொஜேர்ஸ் இனங்கண்ட கல்ரெற்றினின், நரம்புக்கலங்களிலே சிறப்பாகக் காணப்படுவது. நுரையீரலைச் சூழ்ந்த மென்சவ்வின் கலங்களிலும், அச்சவ்விலே தோன்றும் மீசோதெலியோமாப் புற்றிலும் அது உண்டென்பது 1990களிற் புலனாயிற்று. நுரையீரற் புற்றின் பெரும்பாலான வகைகளிலிருந்து இந்நோயைப் பிரித்தறிய, பிற அடையாளப் புரதங்களோடு சேர்த்து, கல்ரெற்றினினும் இன்று பரிசோதிக்கப்படுகின்றது.

இந்நோயின் வரலாறு உழைப்பின் வரலாறே. 1960இல் தென்னாபிரிக்காவின் கேப் மாகாணத்து நீல அஸ்பெஸ்ரோஸ் சுரங்கப் பகுதியோடு பெரும்பாலும் தொடர்புடைய 33 நோயாளரைப் பற்றி வாக்னரும் சகாக்களும் அறிக்கையிட்டனர். அவர்களுட் சிலர் சுரங்கத் தொழிலாளரல்லர். சுரங்கத்தின் அயலில் வாழ்ந்தவர்கள். தூசு உட்சென்று பல பத்தாண்டுகளின் பின்னரே நோய் வெளிப்படுகின்றது. அதற்குள் முதலாளியும் மாறியிருப்பான், தொழிற்சாலையும் மூடப்பட்டிருக்கும். பல முதலாளிகளிடம் வேலைசெய்தவனுக்கு, எவருடைய தூசு தன்னைக் கொன்றதென நிறுவ முடியாதென்னும் வாதம் பிரித்தானிய நீதிமன்றங்களில் முன்வைக்கப்பட்டது. 2002இற் பிரபுக்கள் சபையே அவ்வாதத்தை நிராகரித்தது.

இவ்விடத்தேதான் நோயின் பெயர் முக்கியத்துவம் பெறுகின்றது. நுரையீரற் புற்றெனின் புகைபிடித்தலைக் காரணங்காட்டித் தப்பலாம். மீசோதெலியோமாவிற்கு அவ்வழி இல்லை. ஆகவே, நுணுக்குக்காட்டியிற் தெரியும் கபில நிறச் சாயம் மருத்துவச் சான்றாக மட்டுமன்றி, உழைப்பாளர் உடலிற் பதிந்த சுரண்டலின் சான்றாகவும் அமைகின்றது. எனினும் பிறபொருளெதிரி புரதத்தையே காட்டும்; தூசைப் பரப்பியவர் எவரென்பதை வரலாறே காட்டுதல் வேண்டும்.