ஆய்வுகூடமும் மூலநிரலும்: பணிசெயல் முறைமைத் தெரிவின் சமூக வரலாறு – ஒரு நோக்கு

விஞ்ஞான ஆய்வில் ஈடுபடுவோர் தமது கணினிக்கு எந்தப் பணிசெயல் முறைமையைத் தெரிவு செய்ய வேண்டும் என்ற வினா, பெரும்பாலும் தொழில்நுட்ப வினாவாகவே எழுப்பப்படுகிறது. வேகம், விலை, பழக்கம் ஆகியனவே அளவுகோல்களாகக் கொள்ளப்படுகின்றன. கணினியின் நினைவகத்தையும் கோப்புகளையும் செயலியின் நேரத்தையும் செய்நிரல்களுக்கிடையே பங்கிட்டு நிருவகிக்கும் அடிப்படை மென்பொருளே பணிசெயல் முறைமையாகும். ஆய்வாளரின் ஒவ்வொரு கணிப்பும் அதன்மீதே நிகழ்கின்றமையால், ஆய்வின் உற்பத்திச் சாதனங்களுள் ஒன்றாக அதனைக் கருதுதல் வேண்டும். அவ்வாறு கருதிய மாத்திரத்தே அது யாருடைய உடைமை என்ற வினா எழுகிறது. விஞ்ஞானிகளின் தெரிவை நீண்டகால நோக்கில் தீர்மானித்ததில் இவ்வுடைமை உறவுக்குப் பெரும் பங்குண்டு என்பதே எமது கருத்தாகும்.

1969இல் ஐக்கிய அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் யுனிக்ஸ் என்னும் முறைமையை உருவாக்கத் தொடங்கினர். 1973இல் அது சி மொழியில் மீள எழுதப்பட்டது. இதனால் ஒருவகைக் கணினிக்கென எழுதப்பட்ட முறைமை பிறவகைக் கணினிகளுக்கும் பெயர்க்கத்தக்கதாயிற்று. அது பல்கலைக்கழகங்களிடையே பரவியமைக்கு இத்தொழில்நுட்பச் சிறப்பு மாத்திரம் காரணமன்று. பெல் ஆய்வுகூடத்தின் உரிமையாளரான அமெரிக்கத் தொலைபேசி, தந்திக் கம்பனி, தனியுரிமைக்கு எதிரான வழக்கொன்றின் விளைவாக 1956இல் ஏற்ற உடன்பாட்டினால், தொலைத்தொடர்புக்குப் புறம்பான வணிகத்தில் இறங்கவியலாதிருந்தது. விற்பனைப் பண்டமாக்க முடியாத அம்முறைமை, மூலநிரலுடன் சிறு கட்டணத்துக்குப் பல்கலைக்கழகங்களுக்கு வழங்கப்பட்டது. மூலதனத்தின் பெருந்தன்மையன்று, அதன்மீதிருந்த சட்டக் கட்டுப்பாடே அறிவைப் பொதுவாக்கிற்று என்பது மனங்கொள்ளத்தக்கது.

இலக்கிய மாணவராகிய எமக்கு இவ்வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி சிறப்பாகக் கவனத்துக்குரியது. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆசிரியர் ஜோன் லயன்ஸ், 1970களின் நடுப்பகுதியில் யுனிக்ஸின் ஆறாம் பதிப்பு மூலநிரலுக்குத் தம் மாணவர்பொருட்டு உரையொன்று வகுத்தார். மூலபாடமும் உரையுமாக அமைந்த அந்நூல், நம் முன்னோர் இலக்கண நூல்களைப் பயின்ற முறையையே நினைவூட்டுவது. ஆயின் 1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பின் உரிமநிபந்தனை, மூலநிரலை வகுப்பறையிற் பாடமாகக் கற்பிப்பதைத் தடைசெய்தது. லயன்ஸின் உரை போட்டோப் பிரதிகளாகக் கைமாறி வாழ்ந்து, 1996இலேயே வெளிப்படையாக நூலுருப் பெற்றது.

1984இல் அக்கம்பனி பிரிக்கப்பட்டபோது பழைய வணிகத் தடையும் நீங்கியது. யுனிக்ஸ் முழுமையாகச் சந்தைப் பண்டமாயிற்று. கணினி உற்பத்தியாளர் ஒவ்வொருவரும் தத்தம் பொறிக்கேற்ற யுனிக்ஸைத் தனித்தனியே விற்றனர். ஆய்வுகூடங்கள் பல்வேறு கம்பனிகளின் விலையுயர்ந்த பொறிகளில் தங்கியிருக்க நேர்ந்தது. கூட்டுழைப்பால் வளர்ந்த உற்பத்திச் சக்திகளுக்கும் தனியுடைமை உறவுகளுக்கும் இடையிலான முரண்பாடு இங்குத் துலக்கமாக வெளிப்பட்டது.

எதிர்வினைகளும் அம்முரண்பாட்டிலிருந்தே பிறந்தன. 1983இல் ரிச்சர்ட் ஸ்டோல்மன் குனு திட்டத்தை அறிவித்தார். 1989இல் வெளிவந்த அதன் பொது உரிமம், நிரலைப் பெறுவோர் அதனைப் படிக்கவும் மாற்றவும் பகிரவும் உரிமை அளித்ததோடு, அதனைப் பிறர்க்கு வழங்குங்கால் அதே உரிமைகளையும் வழங்க வேண்டுமென விதித்தது. வகுப்பறைத் தடையின் காரணமாகக் கற்பித்தலுக்கெனவே அன்ட்ரூ தனன்போம் 1987இல் மினிக்ஸை ஆக்கினார். அதனைப் பயன்படுத்திய ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லீனஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸை வெளியிட்டார். அடுத்த ஆண்டு அது குனு பொது உரிமத்தின்கீழ் வந்தது. 1994இல் நாஸாவின் கொடார்ட் நிலையத்தில் தோமஸ் ஸ்ரேர்லிங், டொனால்ட் பெக்கர் ஆகியோர் சாதாரண செயலிகள் பதினாறை வலைப்பின்னலால் இணைத்து, லினக்ஸில் இயங்கும் பேயோவுல்ஃப் என்னும் கணினித் தொகுதியை அமைத்தனர். மலிவான பொறிகளின் கூட்டு, விலையுயர்ந்த தனிப்பொறிக்கு மாற்றாயிற்று. 2017 நவம்பரில் உலகின் அதிவேகக் கணினிகள் ஐந்நூறின் பட்டியலில் இடம்பெற்ற அனைத்துமே லினக்ஸில் இயங்கின.

விலை மலிவே இதற்கு முழுக் காரணமெனின் அது குறைநோக்காகும். ஆய்வு முடிவு பிறரால் மீளப் பெறத்தக்கதாயிருத்தல் விஞ்ஞானத்தின் அடிப்படை விதி. ஒரே மூளைப் படங்களை ஒரே மென்பொருளால் அளந்தபோதும், பணிசெயல் முறைமையின் பதிப்பு மாறியதும் அளவுகள் வேறுபட்டமையை 2012இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. பாடபேதம் பதிப்பாசிரியர்க்கு மாத்திரம் உரிய பிரச்சினையன்று என்பதை இது உணர்த்துகிறது. வேறுபாட்டின் காரணத்தைத் தேடிச் செல்வதற்கு மூலநிரல் திறந்திருத்தல் வேண்டும். மூடிய முறைமையில் ஆய்வாளரின் தேடல் ஓரெல்லைக்கு அப்பாற் செல்லவியலாது.

எனினும் லினக்ஸைத் தன்னார்வலரின் தூய இலட்சியப் படைப்பாக மாத்திரம் போற்றுவது கருத்துமுதல்வாத மயக்கமேயாகும். அதன் வளர்ச்சியிற் பெரும்பகுதி, பெருங் கம்பனிகளில் ஊதியம் பெறுவோரின் உழைப்பாகும். சயன்டிபிக் லினக்ஸின் வரலாறு இதனைத் தெளிவுறுத்தும். ரெட் ஹட் கம்பனி தனது முறைமையைக் கட்டணச் சந்தாவுக்கு உரியதாக்கிய பின்னர், அமெரிக்காவின் ஃபேர்மி ஆய்வுகூடமும் ஐரோப்பாவின் சேர்ன் ஆய்வுகூடமும், அக்கம்பனி வெளியிட்ட மூலநிரலைக் கொண்டே 2004இல் சயன்டிபிக் லினக்ஸை உருவாக்கின. துகட் பௌதிகவியலாளர் பல ஆண்டுகள் அதனைப் பயன்படுத்தினர். பின்னர், அத்தகைய மூலநிரலிலிருந்தே ஆக்கப்பட்ட சென்ட் ஓஎஸ் ரெட் ஹட்டின் ஆதரவில் வளர்ந்திருந்தமையால், இனித் தனி வெளியீடு வேண்டியதில்லை என 2019 ஏப்ரலில் ஃபேர்மி ஆய்வுகூடம் முடிவுசெய்தது. அவ்வாண்டு ஜூலையில் ஐ.பி.எம். ரெட் ஹட்டை வாங்கியது. 2020 டிசம்பரில், 2029 வரை பேணப்படுமென எதிர்பார்க்கப்பட்ட சென்ட் ஓஎஸ் எட்டாம் பதிப்பு 2021 இறுதியோடு நிறுத்தப்படுமென ரெட் ஹட் அறிவித்தது. பிற்றைநாளில், 2022 டிசம்பரில், இரு ஆய்வுகூடங்களும் அல்மாலினக்ஸைத் தமது பரிசோதனைகளுக்குப் பரிந்துரைத்தன.

இவ்வரலாறு இரு உண்மைகளைப் புலப்படுத்துகிறது. உரிமத்தால் திறந்து வைக்கப்பட்ட மூலநிரல் இருந்தமையாலேயே, கம்பனி கைவிட்டபோதும் ஆய்வு தடைப்படாது தொடர முடிந்தது, இது முதலாவது. நிரல் பொதுவாயிருந்தும் அதனைப் பேணும் உழைப்பு பொதுவாக ஒழுங்கமைக்கப்படாதவிடத்து, தீர்மானிக்கும் ஆற்றல் அவ்வுழைப்புக்கு ஊதியம் கொடுப்போரிடமே சென்றடையும்; இது இரண்டாவது. வசதிமிக்க ஆய்வுகூடங்களுக்கே இது நேர்ந்ததெனின், குறைந்த வளங்களோடு இயங்கும் எம்போன்ற நாடுகளின் பல்கலைக்கழகங்கள் இதனை ஆழ்ந்து சிந்தித்தல் தகும். எந்த முறைமையை நிறுவலாம் என்று கேட்பதோடு, அதன் மூலநிரலைப் படித்துத் திருத்தவல்ல மாணவர் எம்மிடையே எத்தனை பேர் உளர் என்றும் நாம் கேட்டாக வேண்டும். லயன்ஸ் தம் வகுப்பறையில் தொடங்கிய உரைப்பணியை எமது வகுப்பறைகளில் எமது மொழியிலும் தொடங்குதல், அவ்வினாவுக்கு அளிக்கத்தக்க முதல் விடையாகும்.