தாப்பா சாலையோரப் பூவை வீட்டில் வளர்க்க

தாப்பாவிலிருந்து ரிங்லெட் ஏறும்போது, வெட்டிய மண்மேடுகளில் மூங்கில்போல் மெலிந்த தண்டும் இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த பூவுமாக ஒரு செடி நிற்கும். அதுதான் மூங்கில் ஓர்க்கிட். நம் நாட்டுக் காட்டுச்செடி, பல்லாண்டு வாழும். ஆங்கிலத்தில் அதற்குத் 'தாப்பா களை', 'கிந்தா களை' என்றும் பெயர் உண்டு. அந்தப் பெயருக்கேற்ப, மருந்து அடிக்கும் இடங்களில் புல்லோடு புல்லாகக் கருகிப் போகிறது.

அதற்காக மேட்டிலிருந்து பிடுங்கி வந்துவிடாதீர்கள். வேர் அறுந்த செடி தேறுவது கடினம். வனக்காப்பில் அனுமதியின்றி எடுப்பது 1984 தேசிய வனச் சட்டப்படி குற்றமும்கூட. விதை போட்டும் பயனில்லை. தூசி போன்ற அந்த விதைக்குள் உணவுச் சேமிப்பு கிடையாது. மண்ணில் ஒருவகைப் பூஞ்சை துணை நின்றால்தான் முளைக்கும்.

ஏற்கெனவே வளர்ப்பவரிடம் ஒரு குட்டி கேளுங்கள். முற்றிய தண்டின் கணுக்களில் சிறு செடிகள் தானே கிளம்பும். அவற்றின் வேர் விரல் நீளம் வந்ததும் வெட்டி நடலாம்.

நாள் முழுதும் வெயில் படும் இடம் வேண்டும். நிழலில் தண்டு நீளுமே தவிர பூக்காது. நம் மலை மழைக்குத் தண்ணீர் தேங்காத சரிவே நல்லது. லயத்து வாசலில் தொட்டிதான் என்றால் மணலும் சிறுகல்லும் கலந்து, அடியில் துளையிட்டு, ஆழமில்லாமல் நடுங்கள். ஆள் உயரம்கூட வளரும். காற்றுக்குச் சாயாமல் குச்சி ஊன்றவும்.

பூ சில நாளில் வாடிவிடும். ஆனால் அதே நுனியில் அடுத்த மொட்டு வரும் என்பதால் நுனியைக் கிள்ளாதீர்கள். பூத்து ஓய்ந்த தண்டையும் அவசரப்பட்டு வெட்ட வேண்டாம். பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய குட்டி அதில்தான் வரும்.