பன்றி நீந்திய ஊற்று

பன்றி நீந்துவதைப் பார்க்க யாராவது காசு கொடுத்து டிக்கெட் வாங்குவார்களா என்று சென்ற வருஷம் என்னைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். இப்போது சிரிக்க மாட்டேன். அந்தப் பன்றியை நினைத்துக் கண் கலங்கிய ஓர் அம்மாளின் பக்கத்தில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தவன் நான்.

அமெரிக்காவில், டெக்ஸாஸ் மாகாணத்தில், ஆஸ்டினுக்கும் சான் அன்டோனியோவுக்கும் நடுவே சான் மார்கோஸ் என்று ஓர் ஊர். ஆஸ்டினில் உத்தியோகம் பார்க்கும் என் அக்கா பிள்ளை, "இன்றைக்கு உங்களுக்கு ஒரு குளம் காட்டப் போகிறேன், மாமா" என்றான்.

"குளம் பார்க்கவா ஏழு கடல் தாண்டி வந்தேன்?" என்றேன்.

"பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்" என்றான்.

பார்த்தேன். அடியில் கண்ணாடி பதித்த படகு ஒன்றில் எங்களை ஏற்றினார்கள். கரையை விட்டு நகர்ந்ததும் காலுக்குக் கீழே வேறோர் உலகம் திறந்துகொண்டது. தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி அத்தனை தெளிவு. அடியில் வெண்மணல், பானையில் கஞ்சி கொதிப்பது போலத் தளதளவென்று பொங்கிக்கொண்டிருந்தது. அந்த இடங்கள்தான் ஊற்றுக்கண்கள். அந்தக் குளத்தில் இருநூற்றுக்கு மேல் இருக்கின்றன. தண்ணீர் கொதிப்பதாகத் தோன்றுகிறதே தவிர, கோடையானாலும் பனிக்காலமானாலும் அதன் சூடு 22 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும்.

"அதோ, அந்த இடத்தில்தான் ரால்ஃப் குதிப்பான்" என்றாள் பக்கத்திலிருந்த அம்மாள். எழுபது வயதைத் தாண்டியவள்.

"ரால்ஃப் யார்?"

"பன்றி" என்றாள். குரல் கொஞ்சம் தழுதழுத்தது.

அதன்பின் அவள் சொன்னதும், நான் படித்துத் தெரிந்துகொண்டதுமாகச் சேர்த்துச் சொல்கிறேன்.

1849-ல் பர்லெஸன் என்ற தளபதி மாவு மில் ஓட்டுவதற்காக ஆற்றின் தலைமாட்டில் ஓர் அணை கட்டினார். ஊற்றுகள் குளமாயின. 1926-ல் ரோஜர்ஸ் என்பவர் அந்த இடத்தை விலைக்கு வாங்கினார். சில வருஷங்களில் கரையில் ஒரு ஹோட்டல் எழும்பியது. அவர் மகன் பால் ரோஜர்ஸ் 1940-களில் கண்ணாடிப் படகுகளை விட்டார். 1950-களின் தொடக்கத்தில் வந்ததுதான் பெரிய விந்தை: நீர்மூழ்கி நாடக அரங்கம். ஜனங்கள் வந்து ஆசனங்களில் உட்கார்ந்ததும் தொட்டிகளில் தண்ணீர் நிரப்புவார்கள். அரங்கம் முழுவதும், ஆட்களோடு, மெல்லக் குளத்துக்குள் இறங்கும். ஜன்னல் வழியே பார்த்தால் வெளியே தண்ணீருக்குள் பெண்கள் ரப்பர் குழாயில் மூச்சு வாங்கிக்கொண்டு நடனமாடுவார்கள், உட்கார்ந்து பலகாரம் தின்பார்கள், சோடா குடிப்பார்கள். அவர்களுக்கு ‘அக்வாமெயிட்’ என்று பெயர். ‘அக்வரினா ஸ்பிரிங்ஸ்’ என்ற அந்த இடத்துக்கு லட்சக்கணக்கான பேர் குழந்தை குட்டிகளோடு வந்தார்கள்.

பிற்பாடு வந்த கதாநாயகன்தான் ரால்ஃப். பால் புட்டியைக் காட்டினால் தொபீரென்று குதித்து, புட்டியைத் துரத்திக்கொண்டு நீந்தும். அன்னம்போல் கைவிரித்துப் பாய்வதற்கு ஆங்கிலத்தில் ‘ஸ்வான் டைவ்’ என்று பெயர்; பன்றியின் பாய்ச்சலுக்கு ‘ஸ்வைன் டைவ்’ என்று பெயர் வைத்தார்கள்! ஒரு ரால்ஃப் பருத்துப்போனால் இன்னொரு குட்டி ரால்ஃபாகிவிடும்.

"அந்தப் பால் புட்டியைப் பிடித்துக்கொண்டு நீந்தியவள் நான்தான். 1970-களின் ஆரம்பம் அது. எங்களில் பாதிப் பேர் இங்கே காலேஜில் படித்தவர்கள். என் காலேஜ் சம்பளத்தைக் கட்டியது இந்தத் தண்ணீர்தான்" என்றாள் அந்த அம்மாள்.

எல்லாம் போய்விட்டது. சான் அன்டோனியோவில் 1988-லும் 1992-லும் பிரம்மாண்டமான கேளிக்கைப் பூங்காக்கள் திறந்தன. திமிங்கிலம் துள்ளும் இடம் இருக்கும்போது பன்றியை யார் பார்ப்பார்கள்? 1994-ல் உள்ளூர்ப் பல்கலைக்கழகம் இடத்தை வாங்கியது. 1996-ல் வேடிக்கைகள் நின்றன. வெறுமனே துருப்பிடித்துக் கிடந்த நீர்மூழ்கி அரங்கத்தை 2012-ல் அப்புறப்படுத்தினார்கள்.

"என் வாலிபத்தையே இரும்புக் கடையில் போட்டுவிட்டார்கள்" என்றாள்.

படகு ஓட்டிய கல்லூரிப் பையனுக்கு இந்தத் துக்கம் கொஞ்சமும் இல்லை. நீரோட்டத்தில் கூந்தல்போல் அலைந்த பச்சைப் புல்லைக் காட்டினான். டெக்ஸாஸ் காட்டரிசியாம். நம் நெல்லுக்குத் தூரத்து உறவு. உலகத்தில் இந்த ஆற்றின் மேல்பகுதியைத் தவிர வேறெங்கும் இயற்கையாக விளையாது. ஒரு காலத்தில் வாய்க்காலை அடைக்கிறதென்று வெட்டி எறிந்த பயிர் அது. 1978-ல் அழியும் ஆபத்திலுள்ள இனம் என்று சட்டப்படி அதைப் பாதுகாக்க வேண்டியதாயிற்று. பூமிக்கடியில் கண்ணில்லாத ஒரு ஜீவன் இருக்கிறது. பார்வைக்குப் பல்லி, உறவில் தவளை. வெளுத்த உடல், சிவந்த செவுள். சலமாண்டர் என்பார்கள். இருட்டிலேயே வாழ்வதற்குக் கண் எதற்கு? 1895-ல் இந்த ஊரில் ஆழ்கிணறு தோண்டியபோது தண்ணீரோடு மேலே வந்து விழுந்ததால்தான் மனிதனுக்கு அதைத் தெரியும். 1980 வாக்கில் குளத்தடியை அகழ்ந்த ஆராய்ச்சியாளர்கள் பன்னிரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய வேட்டைக்காரர்களின் கல் ஈட்டி முனைகளை எடுத்தார்கள். கோவாஹுயில்டெக்கன் என்ற ஆதிகுடிகள், தங்கள் மூதாதையர் இந்த ஊற்றிலிருந்துதான் உலகத்துக்கு வந்தார்கள் என்கிறார்கள். பன்னிரண்டாயிரம் வருஷத்தில் பன்றியின் ராஜ்யம் எத்தனை வருஷம்?

அந்த அம்மாளுக்கும் அந்தப் பையனுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த எனக்கு யார் பக்கம் பேசுவது என்று தெரியவில்லை. ஆனால், பிற்பாடு படித்த ஒரு விஷயம் இருவர் வழக்கையும் தீர்த்து வைத்தது.

இந்த ஊற்றுக்குத் தாய் எட்வர்ட்ஸ் என்ற நிலத்தடி நீர்த்தேக்கம். மேற்கே சுண்ணாம்புக்கல் குன்றுகளில் பெய்யும் மழை, பாறை வெடிப்புகளில் இறங்கி, பூமிக்குள்ளேயே பிரயாணம் செய்து, இங்கே அழுத்தம் தாங்காமல் மேலே பீறிடுகிறது. சான் அன்டோனியோ நகரமும் சுற்று வட்டாரத்து வயல்களும் அதே தேக்கத்தில்தான் குழாய் போட்டு உறிஞ்சுகின்றன. தன் நிலத்துக்கடியில் இருக்கும் தண்ணீரை எவனும் எவ்வளவும் இறைக்கலாம் என்பது 1904 முதல் டெக்ஸாஸ் சட்டம். 1956-ல், பெரும் பஞ்சத்தின்போது, இருபது மைலுக்குள் இருக்கும் கோமால் ஊற்று நாலு மாதத்துக்கு மேல் வறண்டே போயிற்று. சான் மார்கோஸ் ஊற்றும் இளைத்துத் துரும்பாயிற்று, நல்லவேளை, நிற்கவில்லை. அந்தச் சமயத்திலும் நீர்மூழ்கி அரங்கத்தில் ஜனங்கள் கைதட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்!

1991-ல் சான் அன்டோனியோ அருகே மீன் பண்ணை ஒன்றின் கிணறு தினம் சுமார் நாலு கோடி காலன் இறைத்தது. அதே வருஷம் இயற்கைப் பாதுகாப்பாளர்கள் நீதிமன்றம் போனார்கள். ‘ஊற்று நின்றால் இந்த மீனும் சலமாண்டரும் செத்துப்போகும், அவற்றைக் காப்பது சர்க்காரின் கடமை’ என்பது வழக்கு. 1993-ல் ஜெயித்தார்கள். இறைப்பதற்கு வரம்பு கட்ட ஓர் ஆணையம் ஏற்படுத்தச் சட்டம் வந்தது. அது வேலை தொடங்கியது 1996-ல். பன்றி ஓய்வு பெற்ற அதே வருஷம். கண்ணில்லாத ஒரு பிராணி நகரத்தின் குடிதண்ணீருக்குக் காவல் நின்றது என்று சொன்னால் மிகையாகாது. எல்லாரும் பிழைத்தார்கள் என்று சொல்வதற்கில்லை. இந்த ஆற்றுக்கே உரிய கம்பூசியா என்ற சின்னஞ்சிறு மீனை 1983-க்குப் பிறகு யாரும் காணவில்லை. 2023-ல் அது பூண்டற்றுப் போனதாக அறிவித்துவிட்டார்கள்.

ஆகவே, பன்றிக்கும் புல்லுக்கும் சண்டையே இல்லை. கீழே தண்ணீர் இருந்தால்தான் பன்றி நீந்தலாம், புல்லும் அலையலாம்.

இதெல்லாம் தெரியாத அன்று, படகில், அந்த அம்மாளிடம் கேட்டேன்: "ரால்ஃப் திரும்பி வரவேண்டும் என்று ஆசையா?"

அவள் யோசித்தாள். "வேண்டாம். ஆனால் ஒன்று கேட்கிறேன். ஆறு வயதில், தண்ணீருக்குள் பெண்கள் சோடா குடிப்பதைப் பார்க்கத்தான் அப்பா என்னை இங்கே அழைத்து வந்தார். வெறும் ஊற்றைப் பார்க்க அழைத்து வந்திருப்பாரா? இந்தக் கண்ணாடியில் நான் எட்டிப் பார்த்திருப்பேனா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. எத்தனையோ வேடிக்கைகளைக் கழித்துக் கட்டியவர்கள் கண்ணாடிப் படகை மட்டும் ஏன் விட்டு வைத்தார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது.

படகு கரை சேர்ந்தது. எல்லாரும் இறங்கும் வரை அந்த அம்மாள் காத்திருந்தாள். பிறகு மெல்லக் குனிந்து கையைத் தண்ணீரில் நனைத்தாள்.

"அதே சூடு" என்றாள். "ஒரு டிகிரிகூட மாறவில்லை."