கட்டணமும் தூரமும்: தமிழ்நாட்டில் உயர்கல்வி எளியோருக்கு எட்டிய வரலாறு

ஒன்றிய அரசின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு, 2021-22ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதத்தை 47.0 விழுக்காடு என்று காட்டியது. அதே ஆண்டில் நாட்டின் சராசரி 28.4. இந்த இடைவெளி எப்படி வந்தது என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு விடைகள் கிடைக்கும். இட ஒதுக்கீடு என்பார் சிலர். 1984-க்குப் பிறகு பெருகிய தனியார் கல்லூரிகள் என்பார் வேறு சிலர். இரண்டிலும் உண்மை உண்டு, ஆனால் இரண்டுமே கல்லூரி வாசலில் நின்று சொல்லப்படும் விடைகள். அந்த வாசலுக்கு ஒரு மாணவி எப்படி வந்து சேர்ந்தாள் என்பதை அவை விளக்குவதில்லை.

ஒரு கூலிக் குடும்பம் தன் மகளைக் கல்லூரிக்கு அனுப்பக் கொடுக்கும் விலையில் கட்டணம் ஒரு பங்குதான். பேருந்துக் காசு, விடுதிச் செலவு, வேலைக்குப் போயிருந்தால் மூன்றாண்டில் அவள் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கக்கூடிய கூலி எல்லாம் அந்த விலையில் அடக்கம். அரசு இவற்றை ஒரே நாளில் கண்டுகொள்ளவில்லை. முதலில் சாதியின் தடை கண்ணில் பட்டது, பிறகு தூரம், அதற்கும் பிறகு கட்டணம், கடைசியாகக் கைச்செலவு. இந்த வரிசையைப் பின்தொடர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

யார் நுழைவது

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் தொடங்கப்பட்டது. அதன் முதல் அரைநூற்றாண்டில் பட்டம் பெற்றோரில் பிராமணர் பெரும்பான்மையினர். கல்லூரிகள் சென்னை, கும்பகோணம், திருச்சி போன்ற சில ஊர்களில் மட்டுமே இருந்தன. நீதிக்கட்சி ஆட்சி 1921-இல் பிறப்பித்த வகுப்புவாரி அரசாணை, அரசுப் பணியில் எல்லா வகுப்பாருக்கும் பங்கு வேண்டும் என்ற கொள்கையை அறிவித்தது. அதற்குச் செயல்வடிவம் கிடைத்தது 1928-இல், எஸ். முத்தையா முதலியார் அமைச்சராக இருந்தபோதுதான். கல்லூரிச் சேர்க்கையிலும் இந்த முறை நடைமுறைக்கு வந்தது. 1950-இல் சென்னை உயர்நீதிமன்றம் இதைச் செல்லாதென்றது. 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. தமிழகத்தில் எழுந்த கிளர்ச்சியும் அரசியலமைப்பின் முதல் திருத்தமும் பலமுறை எழுதப்பட்டவை. கல்வியில் பிற்படுத்தப்பட்டோருக்குத் தனி ஏற்பாடு செய்ய மாநிலங்களுக்கு உரிமை தந்த 15(4) பிரிவு அந்தத் திருத்தத்தில்தான் வந்தது.

இந்தப் போராட்டம் முழுவதும் யார் நுழைவது என்பதைப் பற்றியது. எங்கிருந்து வருவது என்ற கேள்வி அப்போது எழவில்லை. அது எழுந்த வழக்கு வேறு. ஆய்வாளர்கள் அதிகம் கவனிக்காத அந்த வழக்கை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

மாவட்டத்துக்கு இத்தனை இடம்

1960-களில் சென்னை மாநில அரசு, மருத்துவக் கல்லூரி இடங்களை மாவட்டவாரியாக, மக்கள்தொகை விகிதத்தில் பங்கிட்டது. தென்னார்க்காட்டு மாணவர் தென்னார்க்காட்டு மாணவரோடு மட்டும் போட்டியிட்டால் போதும். இதை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில், 1968 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மாவட்டவாரி முறையைச் செல்லாதென்று தீர்ப்பளித்தது. மாவட்டப் பங்கீடு இல்லாவிட்டால் சென்னை நகர மாணவர்கள் தங்கள் மக்கள்தொகைக்கு மிஞ்சிய இடங்களைப் பிடித்துக்கொள்வார்கள் என்பது அரசின் வாதம். தகுதியில் மேலானவரைத் தேர்ந்தெடுப்பதே சேர்க்கையின் நோக்கம், அந்த நோக்கத்துக்கும் மாவட்டத்துக்கும் தொடர்பில்லை என்றது நீதிமன்றம். அதே தீர்ப்பில் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கான ஒதுக்கீடு நிலைத்தது. கல்லூரிகளைத் தொகுதிகளாகப் பிரித்து, தொகுதிவாரியாக மாணவரைத் தேர்ந்தெடுக்கும் முறையும் 1970-இல் அதே காரணத்தால் விழுந்தது.

சமூகப் பின்னடைவைச் சட்டம் ஏற்றுக்கொண்டது, இடப் பின்னடைவை ஏற்கவில்லை. 1990-களின் பிற்பகுதியில் தொழிற்கல்லூரிகளில் கிராமப்புறப் பள்ளி மாணவருக்கு 15 விழுக்காடு ஒதுக்கப்பட்டு, பின்னர் அது 25 ஆக உயர்த்தப்பட்டபோதும் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. ஆகவே இடங்களைப் பங்கிட முடியாத அரசுக்கு மிஞ்சிய வழி, கல்லூரிகளையே மாவட்டந்தோறும் கொண்டுபோவது. என் பார்வையில் தமிழ்நாட்டின் வட்டாரக் கல்வி வளர்ச்சியைப் புரிந்துகொள்ளும் திறவுகோல் இதுதான். நீதிமன்றம் ஒதுக்கீட்டுப் பட்டியலை அடிக்கலாம், தர்மபுரியில் எழும்பிய கட்டடத்தை அடிக்க முடியாது.

அந்தக் கட்டடங்கள் தீர்ப்புக்கு முன்பே எழத் தொடங்கியிருந்தன. கிருஷ்ணகிரியில் 1964, தர்மபுரியில் 1965, கரூரிலும் திருவண்ணாமலையிலும் 1966, செய்யாற்றில் 1967, விழுப்புரத்தில் 1968 என அரசு கலைக் கல்லூரிகள் வந்தன. கட்சி மாறியும் இந்த ஓட்டம் நிற்கவில்லை. பக்தவத்சலம் காலத்தில் தொடங்கியதை அண்ணாவும் கருணாநிதியும் தொடர்ந்தார்கள். மருத்துவக் கல்லூரிகளும் மதுரை (1954), திருநெல்வேலி (1965), கோவை (1966) என்று தலைநகரை விட்டு வெளியேறின. 2022 ஜனவரியில் அரியலூர், கள்ளக்குறிச்சி, நாகப்பட்டினம், இராமநாதபுரம், விருதுநகர் உள்ளிட்ட 11 மாவட்டங்களில் ஒரே நாளில் மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டது இந்த நீண்ட கோட்டின் தொடர்ச்சியே.

கட்டடத்துக்குச் சாலை வேண்டும், சாலையில் பேருந்து ஓட வேண்டும். 1972-இல் பல்லவன், சேரன், சோழன், பாண்டியன் என அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் உருவானதைப் போக்குவரத்து வரலாறாக மட்டுமே எழுதுகிறோம். வசூல் தேறாத கிராமத் தடத்திலும் காலை, மாலை இரண்டு நடை டவுன் பஸ் விடும் பொறுப்பு அரசிடம் வந்தது. இலவசப் பயண அட்டை சாத்தியமானதும் பேருந்து அரசுடையது என்பதால்தான். விடுதியில் சேர்க்க வசதியில்லாத, அப்படியே இருந்தாலும் பெண்ணை வெளியூரில் தங்கவைக்கத் தயங்கிய குடும்பங்களுக்கு, காலையில் போய் மாலையில் திரும்பும் கல்லூரி ஒன்றே வழியாக இருந்தது.

இதோடு சேர்த்துப் பேச வேண்டியது 1978-இல் வந்த மேல்நிலைக் கல்வி. அதுவரை 11ஆம் வகுப்பு முடித்தவர் புகுமுக வகுப்புக்காகக் கல்லூரிக்குத்தான் போக வேண்டும். 15, 16 வயதிலேயே ஊரைவிட்டுப் பெயர வேண்டிய நிலை அது. பிளஸ் டூ அந்தப் படியைக் கல்லூரியிலிருந்து பிடுங்கி, ஊருக்குப் பக்கத்துப் பள்ளியில் நட்டது. காமராசர் காலத்தில் 1956-இல் தொடங்கிய மதிய உணவும் 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும் பள்ளிக்குள் இழுத்துவந்த பிள்ளைகள், வீட்டுச் சோற்றை உண்டபடியே கல்லூரி வாசல்வரை வர முடிந்தது இந்த மாற்றத்தால். கல்லூரி வரலாற்றில் இதற்கு உரிய இடத்தை நாம் இன்னும் கொடுக்கவில்லை.

கட்டணம் திரும்பி வந்த காலம்

1984-இல் எம்.ஜி.ஆர். அரசு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி தந்தது. பொறியியல் படிக்கக் கர்நாடகத்துக்குப் போய்க்கொண்டிருந்த மாணவரையும் பணத்தையும் இங்கேயே நிறுத்தலாம், அரசுக்குச் செலவில்லாமல் இடங்கள் பெருகும் என்பது கணக்கு. இடங்கள் பெருகின. தூரமும் குறைந்தது, ஏனெனில் கல்லூரிகள் நெடுஞ்சாலையோர வயல்களில் எழுந்தன. மஞ்சள் பேருந்துகள் கிராமம்வரை வந்தன. அரசு கலைக் கல்லூரிகள் பெரிதும் குறைத்துவைத்திருந்த கட்டணச்சுமை மட்டும் இங்கே முழு உருவில் திரும்பி வந்தது. இரண்டு ஏக்கரில் ஒன்றை விற்றுப் படிக்கவைத்தோம் என்று சொல்லாத கிராமம் வட மாவட்டங்களில் அரிது.

அதே 1984-இல் தொழிற்படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வும் வந்தது. அதற்கான பயிற்சி மையங்கள் பெருநகரங்களில் இருந்தன. நுழைவுத் தேர்வை நீக்க ஜெயலலிதா அரசு 2005-இல் எடுத்த முயற்சி நீதிமன்றத்தில் தோற்றது. பேராசிரியர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி கருணாநிதி அரசு 2006-இல் சட்டம் இயற்றி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் பெற்றது. அடுத்த ஆண்டு முதல் பிளஸ் டூ மதிப்பெண்ணே அளவுகோலானது. கிராமப்புற மாணவர் இதனால் பயன்பெற்றார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பயிற்சி வணிகம் மறையவில்லை, இடம் மாறியது. நாமக்கல், ராசிபுரம் வட்டாரத்தில் பிராய்லர் பள்ளிகள் என்று மக்களே பெயர் வைத்த உண்டு உறைவிடப் பள்ளிகள் 11ஆம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு, 12ஆம் வகுப்புப் பாடத்தையே இரண்டாண்டு நடத்தின.

கட்டணத்தை நேராகத் தொட்ட நடவடிக்கை 2010-11 கல்வியாண்டில் வந்த முதல் பட்டதாரி சலுகை. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிப்பவர் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியே சுயநிதிக் கல்லூரியில் சேர்ந்தாலும் அவரது கற்பிப்புக் கட்டணத்தை அரசு ஏற்றது. சாதிச் சான்றிதழுக்கு நிற்கும் அதே தாலுகா அலுவலக வரிசையில், வீட்டில் யாரும் பட்டதாரி இல்லை என்ற சான்றிதழுக்கும் நிற்கும் நிலை வந்தது. தலைமுறைப் பின்னடைவு என்பது அரசு முத்திரை பெற்ற ஒரு தகுதியானது அப்போதுதான். 2020-இல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கு வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு, 2021-இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் விரிந்தது. கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு உடன் வந்தது. 1968-இல் மாவட்டம் என்ற பெயரில் தோற்ற வாதம், படித்த பள்ளி என்ற வேறு அடையாளத்தில் மீண்டும் சட்டமானதாகவே இதை நான் படிக்கிறேன்.

திருமண உதவியிலிருந்து மாதம் 1,000 ரூபாய்

ஒரே திட்டத்தின் வாழ்க்கைக் கதையில் இந்த வரலாறு முழுவதையும் பார்க்கலாம். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண நிதியுதவித் திட்டம் 1989-இல் தொடங்கியது. 8ஆம் வகுப்புவரை படித்த ஏழைப் பெண்ணின் திருமணத்துக்கு 5,000 ரூபாய். பள்ளியை விட்டு நிறுத்தாமலிருக்கப் பெற்றோருக்குக் கொடுத்த ஊக்கம் அது. பின்னர் தகுதி 10ஆம் வகுப்பாக உயர்ந்தது. 2011-இல் பட்டம் அல்லது பட்டயம் பெற்ற பெண்ணுக்கு 50,000 ரூபாயும் தாலிக்கு 4 கிராம் தங்கமும் என்றானது. படிப்பு ஏற ஏறத் தொகையும் ஏறியது, ஆனால் பணம் கைக்கு வர மணமேடை ஏற வேண்டியிருந்தது. படித்துக்கொண்டிருந்த காலத்தில் அந்தப் பெண்ணின் கையில் ஒரு ரூபாயும் இல்லை.

2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப் பெண் திட்டம் அந்தப் பணத்தை மண்டபத்திலிருந்து வகுப்பறைக்கு நகர்த்தியது. 6 முதல் 12ஆம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு, கல்லூரியில் இருக்கும்வரை மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்கிலேயே விழுகிறது. 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் என்ற பெயரில் ஆண்களுக்கும், அதே ஆண்டு டிசம்பரில் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் இது விரிந்தது. மாதம் 1,000 ரூபாய் பெரிய தொகையல்ல. ஆனால் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதோடு சேர்த்துப் பார்த்தால், மாணவியின் கைச்செலவையும் அரசு தன் கணக்கில் எழுதியது புரியும்.

செய்யாறு: ஒரு வட்டத்தின் கணக்கு

பட்டம் பெற்றபின் என்ன ஆகிறது என்ற கேள்விக்குச் செய்யாறு பொருத்தமான இடம். பழைய வட ஆற்காட்டின் இந்த ஊரில் அரசு கலைக் கல்லூரி வந்தது 1967-இல். வேளாண்மையும் நெசவும் தவிர வேறு பிழைப்பில்லாத வட்டம். தொழில் வளாகங்களை அமைக்க 1971-இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனமான சிப்காட் முதலில் இராணிப்பேட்டை, ஓசூர் என்று போய், செய்யாற்றுக்கு வர முப்பது ஆண்டுக்கு மேலானது. 2000-களின் பிற்பகுதியில் இங்கே வந்த தைவான் நிறுவனத்தின் காலணித் தொழிற்சாலை பல்லாயிரம் பேருக்கு வேலை தந்தது. பெரும்பாலும் பெண்கள். மாங்கால் கூட்டுச்சாலையில் ஷிப்டு மாறும் நேரம் நின்று பார்த்தால் வரிசையாகக் கம்பெனிப் பேருந்துகள் வந்து போகும். கல்லூரி அடையாள அட்டை அணியும் அதே வயதுப் பெண்கள் கம்பெனி அட்டையோடு இறங்குவார்கள்.

சுற்றுவட்டாரக் குடும்பங்களுக்கு இந்தச் சம்பளம் பெரிய மாற்றம். அதைக் குறைத்துப் பேசுவது நகரத்தில் இருப்பவர்களின் வசதி. ஆனால் தையல் வரிசையில் உட்காரப் பட்டம் தேவையில்லை. அதற்கு மேலான வேலைக்கு வேண்டிய படிப்பை உள்ளூர்க் கல்லூரி தர, கல்வித்துறையும் தொழில்துறையும் சேர்ந்து திட்டமிட்டிருக்க வேண்டும். அந்தக் கூட்டுத் திட்டம் இந்த வரலாற்றில் எங்கும் தென்படவில்லை. 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் திறன் பயிற்சியைக் கல்லூரிப் பாடத்துக்குள் கொண்டுவந்தது; ஆனால் அது மாநிலம் முழுவதற்குமான பொது ஏற்பாடு, வட்டாரத் தொழிலைப் பார்த்துத் தைத்ததல்ல. இதற்கிடையே 2023-இல் சிப்காட் விரிவாக்கத்துக்கு மேல்மா பகுதியில் விளைநிலம் எடுக்கப்படுவதை எதிர்த்து உழவர்கள் மாதக்கணக்கில் போராடினார்கள். சிலர்மீது குண்டர் சட்டமே பாய்ந்தது. கடும் கண்டனத்துக்குப் பிறகே அந்தச் சட்ட நடவடிக்கையிலிருந்து அரசு பின்வாங்கியது. நிலம் போனால் பிள்ளைகளுக்கு என்ன வேலை என்ற அவர்களின் கேள்விக்கு, காவலாளி வேலையும் தையல் வரிசையும் விடையாக முடியாது.

கல்லூரிக்குள்ளும் ஒரு கடன் நிற்கிறது. எண்ணிக்கை உயர்ந்த காலம் முழுவதும் அரசு கலைக் கல்லூரிகளின் வகுப்புகளைப் பெருமளவு தாங்கியவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். முனைவர் பட்டம் பெற்றோ, அரசு நிர்ணயித்த தகுதித் தேர்வில் தேறியோ வந்தவர்களும் ஆண்டுக்கு 11 மாதம் தொகுப்பூதியத்தில் வேலை பார்க்கிறார்கள். அவர்களில் பலர் தங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். இதே கல்லூரிகளில் படித்து வந்தவர்கள். எளியோரைப் படிக்கவைத்த அரசு, படித்து வந்த எளியோரைக் குறைந்த கூலிக்கு அமர்த்தித் தன் சேர்க்கை விகிதத்தை உயர்த்திக்கொண்டது நியாயமல்ல.

ஆகவே ஒன்றை வலியுறுத்துகிறேன். இனி ஒரு வட்டத்தில் சிப்காட்டுக்கு நிலம் எடுக்க அரசாணை போடும்போது, அந்த வட்டத்து அரசுக் கல்லூரியில் அந்தத் தொழிலுக்குரிய எந்தத் துறை எந்த ஆண்டில் தொடங்கும், அதற்கு எத்தனை நிரந்தர ஆசிரியப் பணியிடங்கள், நிலம் கொடுத்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மேற்பார்வை, பொறியியல் நிலைப் பணிகளில் எத்தனை பங்கு என்பதும் அதே ஆணையில் எண்ணோடு எழுதப்பட வேண்டும். தொழிற்சாலைக்கு மின்சாரமும் தண்ணீரும் எத்தனை நாளில் என்று எழுதித்தரும் அரசுக்கு இதை எழுதுவது இயலாத காரியமல்ல. அதைச் செய்யாற்றிலிருந்தே தொடங்கலாம்.