கரிராமனைப் பின்சென்றவர்கள்

காஞ்சியில் இருக்கத் திருவுள்ளமின்றிக் கரிராமன் என்னும் பெருமான் வேறிடம் நாடி எழுந்தருளினான். அவனைத் தொடர்ந்து பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் அடியார் மூவர் தத்தம் குடும்பத்தோடு புறப்பட்டுச் சேலம் நாட்டை அடைந்து வழிபிரிந்தனர். பெரியண்ணன் சேர்வராயன் மலை ஏறினான். ஏற்காட்டைச் சூழ்ந்த ஊர்களில் வாழும் மலையாளிகள் தம் குடிவரவைப் பற்றிச் சொல்லும் இவ்வரலாற்றை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தம் நூலிற் பதிந்துள்ளார். (மலையாளி என்பது ஈண்டு மலைவாழ்நரையே குறிக்கும், அவர்தம் மொழி தமிழே.) காஞ்சியில் முகம்மதிய ஆட்சி ஓங்கிய காலத்துக் குடிபெயர்ந்தனர் என்னும் மற்றொரு கூற்றும் உண்டு.

பின்னதை வரலாறு என்றும் முன்னதை அதன் புனைவு என்றும் கொள்வது எளிது. அவ்வாறு கொள்ளின், இம்மக்கள் அஞ்சி ஓடியவர் ஆவர். அவர்தம் பத்தி அரச நெருக்கடியின் விளைவாகிவிடும். அவர்கள் தம்மைப் பற்றிச் சொல்வதோ வேறு. பெருமான் போனான், யாம் பின் போனோம் என்பதே அவர் சொல். இச்சொல்லுக்குச் செவிசாய்த்தல் வேண்டும் என்பது என் துணிபு.

காஞ்சிக்கே உரிய மற்றொரு வரலாறு இதற்குத் துணைசெய்கிறது. தன்னைப் பாடுமாறு பல்லவ மன்னன் கட்டளையிட, கணிகண்ணன் மறுத்தான், நாடுகடத்தப்பட்டான். திருமழிசையாழ்வார் சீடனோடு புறப்பட்டுப் பெருமானையும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு வரப் பணித்தார், அவனும் பின்சென்றான். அன்றிரவு தங்கிய இடம் ஓரிருக்கை எனப் பெயர் பெற்றது. மன்னன் வேண்ட, அனைவரும் மீண்டனர். அங்கு அடியார் முன்னும் பெருமான் பின்னும் நடந்தனர். மலைவரலாற்றில் முறை மாறுகிறது, மீட்சியும் இல்லை.

போக வழியில்லாதார் நிலை வேறு. சிவத்தின் மேற்பட்டது இல்லை என்று ஒப்பமிடச் சோழன் வற்புறுத்தியபோது, எம்பெருமானாருக்காகச் சென்ற கூரத்தாழ்வான் கண்களை இழந்தார் என்று குருபரம்பரை கூறும். எம்பெருமானார் மேல்நாட்டுக்கு எழுந்தருளினார். அச்சோழன் யாவன் என்பதில் ஆய்வாளர் ஒருமித்திலர். ஆயினும் வன்முறையால் பெறத்தக்கது ஒப்பமே, நம்பிக்கை அன்று என்பதைச் சம்பிரதாயம் இவ்வரலாற்றால் நினைவிற் கொண்டுள்ளது.

இனி ஒரு தடை எழும். பெரியண்ணன் விரும்பிச் சென்றான் என்க. அவன் தோள்மேல் ஏறி வந்த குழந்தை எதனை விரும்பியது? மலையிற் பிறந்த தலைமுறைகள் எதனைத் தேர்ந்தன? மேலும், ஆன்மா பரதந்திரம் என்று கொண்டார்க்கு விருப்பம் என்பதே ஏது? பிள்ளை லோகாசார்யர் முமுட்சுப்படியில், பேற்றுக்கு வேண்டுவனவாக விலக்காமையையும் இரப்பையும் கூறுகிறார். விலக்காமையை அவர் உபாயமாகக் கொள்ளவில்லை. அருள் வரும் வழியை அடையாதிருத்தல் மட்டுமே அது. ஆனால் விலக்க இயலாத ஒன்றுக்கு விலக்காமை என்னும் பெயர் பொருந்தாது. ஆகவே பரதந்திரம் கூறிய ஆசாரியரே, ஆன்மாவினிடம் மறுக்கும் ஆற்றல் உண்டு என்பதைச் சொல்லாமற் சொல்லிவிடுகிறார். பிறப்பால் வந்த பத்தி வற்புறுத்தலா என்னும் கேள்விக்கு அளவுகோல் இங்கே கிடைக்கிறது. குழந்தை வளர்ந்தபின் மறுத்தால் ஊரும் உறவும் என்ன செய்யும் என்பதையே பார்த்தல் வேண்டும்.

கரிராமன் என்னும் பெயரிலுள்ள கரி, கருமையோ யானையோ என்பது ஆராயத்தக்கது. யானையாயின், அத்திகிரி எனப்படும் காஞ்சி வரதனின் மலை நினைவுக்கு வரும். இஃது என் ஊகமே. சேர்வராயன் மலையுச்சிக் குகையிலோ கரிராமன் என்னும் பெயர் வழங்கவில்லை. அங்கே குனிந்து புகுவோர் காண்பது சேர்வராயனையும் காவேரியம்மனையும். பெருமானைத் தேடி வந்தவர், வந்த இடத்தில் அவனை வேறு பெயரால் அழைத்துக்கொண்டனர்; அப்பெயரை அவர்க்கு விதித்த அரசன் எவனும் இல்லை.